சாவி யார் இடுப்பில்? பெண்களைச் சுற்றிச் சுழலும் உளவியல் த்ரில்லர்: ஒரு பாலபாடம்

சனிக்கிழமை சாயங்காலம் காத்ர் போர்னில் எங்கள் வீட்டு வராங்கில் ஆறேழு பேர் கூடுவோம். வராங் என்றால் முன்திண்ணை. மொரிஷியஸில் வேறு பேர் சொன்னால் யாருக்கும் புரியாது. வருகிறவர்கள் எல்லாம் பள்ளியில் தமிழ் படித்து, பாதியில் விட்டு, நடுவயதில் திரும்பப் பிடித்துக்கொண்டவர்கள். ஒரு கதை படிப்போம், அல்லது ஒரு படம் பார்ப்போம், அப்புறம் அதைப் பற்றித் தமிழிலேயே பேச வேண்டும் என்பது ஒப்பந்தம். பேச்சில் சூடு ஏறினால் எல்லாரும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்குத் தாவிவிடுவார்கள். காத்தோ பிமான் என்ற மிளகாய் வடைத் தட்டும் தமிழும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும்.

போன மாதம் ஒரு த்ரில்லர் பார்த்தோம். ஒரு வீடு, இரண்டு பெண்கள், ஒரு பொய். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்த முதல் கேள்வி: "மிஸ், கடைசியில அவ நல்லவளா, கெட்டவளா?" அரை மணி நேரம் சண்டை. பாதிப் பேர் நல்லவள் என்றார்கள், பாதிப் பேர் அவளைச் சிறையில் போட வேண்டும் என்றார்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது, கேள்வியே கொஞ்சம் கோணல் என்று. கேட்டிருக்க வேண்டியது: அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது, எந்தக் காட்சியில் கை மாறியது?

சாதாரண த்ரில்லரில் ஆபத்து வாசலுக்கு வெளியே நிற்கும். கொலைகாரன் வருகிறான், ரயில் புறப்படப் போகிறது, குண்டு வெடிக்கப் போகிறது. உளவியல் த்ரில்லரில் ஆபத்து ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. சில சமயம் பாத்திரத்தின் சொந்த மண்டைக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற பயத்தைவிட, இதுவரை நடந்ததாக நான் நினைத்தது நடந்ததுதானா என்ற பயம் பெரிதாக இருக்கும். கதையை நகர்த்தும் ஆசை, பயம், முடிவு எல்லாம் பெண்களுடையதாக இருந்தால் அது பெண் மையக் கதை. ஒரு பெண் பயந்து ஓடிக்கொண்டிருப்பது மட்டும் போதாது. இந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்து அற மயக்கம். சரி எது, தப்பு எது என்று வாசகர் தீர்ப்பெழுத முடியாதபடி ஒரு பாத்திரத்தை நிறுத்துவது. தமிழாசிரியை என்பதால் எனக்கு இந்த 'மயக்கம்' என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். மயங்கி விழுவது மட்டும் அல்ல அதன் பொருள், கலப்பதும்தான். ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து கலந்தால் நம் இலக்கணம் அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கவில்லை, திணைமயக்கம் என்று பெயர் வைத்து இடம் கொடுத்தது. அற மயக்கமும் அப்படியே. நல்லதும் கெட்டதும் ஒரே செயலில் கலந்துகிடக்கும், பிரித்தெடுக்கப் போனால் செயலே கிழிந்துவிடும்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் வகுப்பில் கொட்டாவி வரும். அதனால் அடுத்த சனிக்கிழமை நானே ஒரு கதை கட்டினேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சைக்ளோன் நாள். கிளாஸ் மூன்று புயல் எச்சரிக்கை அறிவித்துவிட்டார்கள், பஸ் நின்றுவிட்டது, ஜன்னல் பலகைகள் மூடியாயிற்று. மகன் வடக்கே ஒரு கடலோர ஹோட்டலில் வேலைக்குப் போனவன், அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். கரண்ட் போய்விட்டது. மாமியாருக்கு வயது 76, சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. வாரத்துக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் மாத்திரை டப்பா, ஒவ்வொரு மூடியிலும் பிரெஞ்சில் கிழமை பெயர்: லுந்தி, மார்தி, மெர்க்ருதி. மாமியாருக்கு எழுத்து தெரியாது. நிரப்புவதும் எடுத்துக் கொடுப்பதும் மருமகள்தான்.

முதல் காட்சி மருமகள் பக்கத்திலிருந்து. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாத்திரை கொடுக்கிறாள், கிழவி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கையை உதறிப் போடும்போது தலையணை உறைக்குள் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் நான்கு மாத்திரைகள், எச்சில் காய்ந்து ஓரம் கரைந்தவை. அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்கிறான். கிழவி போனை வாங்கி, மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "நாலு நாளா எனக்கு மருந்து குடுக்கலப்பா." உள்ளங்கையில் நான்கு மாத்திரைகளோடு மருமகள் நிற்கிறாள். சனிக்கிழமை வகுப்பு மொத்தமும் இந்த இடத்தில் "ஆயோ!" என்றது. எல்லாரும் மருமகள் கட்சி.

இரண்டாம் காட்சி, இரண்டு வாரத்துக்கு முன்னால், மாமியார் பக்கத்திலிருந்து. எழுத்து தெரியாதவளுக்கு நிறம் தெரியும். காலையில் சின்ன வெள்ளை, ராத்திரி ஒரு ரோஸ். பத்து வருஷமாக அதுதான். திடீரென்று ராத்திரி ரோஸுடன் ஒரு மஞ்சள் மாத்திரையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் உடம்பு கல்லாகிறது, விடிந்து வெயில் ஏறின பிறகுதான் கண் திறக்கிறது. திறந்தால் தலையணைக்கு வலப்பக்கம் வைத்த சாவிக்கொத்து இடப்பக்கம் இருக்கிறது. கேட்டால் மருமகள், "டாக்டர் குடுத்தது அம்மா, தூக்கத்துக்கு" என்கிறாள். நான் எப்போது தூக்கம் வரவில்லை என்று சொன்னேன்? அன்றிலிருந்து மஞ்சளை நாக்குக்கு அடியில் ஒதுக்கக் கற்றுக்கொள்கிறாள். 'மருந்து குடுக்கல' என்று மகனிடம் சொன்னது பொய்யா? அவளைக் கேட்டால், எது என் மருந்தோ அது மட்டும் வரவில்லை, விஷம் வந்தது என்பாள். ரோஸும் வந்துகொண்டுதான் இருந்தது என்பது அவள் சொல்லாமல் விட்டது. வகுப்பு இப்போது இரண்டாகப் பிளந்தது.

மூன்றாம் காட்சி அலமாரி. மருமகள் சாவியை எடுத்தது உண்மைதான். கிழவி கல்லாகத் தூங்கும் ராத்திரியில் அலமாரியைத் திறந்திருக்கிறாள். உள்ளே நொத்தேர், அதாவது பத்திரம் எழுதும் நோட்டரி, அலுவலகத்தின் முத்திரையோடு ஒரு கவர். நம் தீவில் நிலம், வீடு கை மாறுவதென்றால் நொத்தேர் இல்லாமல் ஆகாது, பத்திரம் பிரெஞ்சில் இருக்கும். மருமகளுக்கு பிரெஞ்சு நன்றாக வரும். படிக்கிறாள். வீட்டை விற்பதற்கான பத்திரத்தின் வரைவு அது. விற்பவர் மாமியார். கைநாட்டு வைக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஏற்பாடு செய்தது மகன், அதாவது அவளுடைய புருஷன். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்டு வாங்கியதும் அவன்தான். 'அம்மா ராத்திரியில எழுந்து எழுந்து உன்னைக் கூப்பிடுறாங்க, பாவம் நீயும் தூங்கணும்' என்று அன்பாகச் சொல்லி வாங்கிக்கொடுத்தான்.

அவளும் தூங்கினாள். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அழுக்கு. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்காமல் தூங்கினாள். மஞ்சள் மாத்திரை எதற்கு என்று சந்தேகம் வந்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கவரைப் படித்த பிறகும் கிழவியிடம் வாய் திறக்கவில்லை. சைக்ளோன் ராத்திரியில் அவள் கையில் நான்கு மாத்திரைகள் மட்டும் இல்லை, கிழவியைக் காப்பாற்றக்கூடிய ஒரே செய்தியும் இருந்தது.

நல்லவளா, கெட்டவளா என்று இப்போது யாரும் கேட்கவில்லை. "அவ ஏன் சொல்லல மிஸ்?" என்றுதான் கேட்டார்கள். கேள்வி மாறியதே, அங்கேதான் அற மயக்கம் வேலை செய்கிறது.

இந்தக் கதையில் அதிகாரம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். சாவிக்கொத்து மாமியாரிடம். மாத்திரை டப்பா மருமகளிடம். வீடு ஒருத்தி பேரில், பிரெஞ்சு இன்னொருத்தி நாக்கில். மகனின் காது தாய்க்கு, மகனின் படுக்கை மனைவிக்கு. இருவரில் யாரும் முழு பலசாலி இல்லை, யாரும் முழு அபலையும் இல்லை. முழு அதிகாரமும் அந்த அறையில் இல்லாத ஆளிடம் இருக்கிறது. அவன் போனில் குரலாக மட்டும்தான் வருகிறான். இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி சந்தேகிக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு லாபம். 'அதிகார உறவு' என்று விமரிசகர்கள் பெரிய சொல்லாகச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும், யார் பேச்சு எடுபடும்? காட்சிக்குக் காட்சி இது கை மாறவில்லை என்றால் த்ரில்லர் நகராது. மாமியார் சாவியை வைத்திருந்து ஒரு பயனும் இல்லாமல் போனது ஒரு மாத்திரையால். கைக்குட்டை முடிச்சு போட்ட அன்று கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இந்த வகைக் கதைகள் ஏன் எப்போதும் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, பதிலில் பாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1804-இல் பிரான்சில் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தரக் கடமைப்பட்டவன், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்றது. தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது அந்தச் சட்டம் இங்கே வந்தது. 1810-இல் பிரிட்டிஷார் பிடித்த பிறகும் சட்டத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். கல்யாணமான பெண் சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய மைனர். 1980-களின் தொடக்கத்தில் திருத்தங்கள் வரும்வரை அதுதான் நிலை, என் அம்மா கல்யாணம் செய்துகொண்டது அந்தச் சட்டத்தின் கீழேதான். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 1997-இல் வந்தது. கையெழுத்துக்கு மதிப்பில்லாத ஒருத்திக்கு வீட்டில் இருக்கும் ஆயுதங்கள் என்ன? அடுப்பங்கரை, மருந்து, சாவி, அழுகை, மௌனம், மகனின் காது. கதைகள் அந்த ஆயுதங்களோடு வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு சின்ன தற்செயல். பிரான்ஸ் தன் சட்டத்திலிருந்து மனைவியின் கீழ்ப்படிதலை நீக்கியது 1938-இல். அதே 1938-இல்தான் இங்கிலாந்தில் இந்த வகையின் இரண்டு தாய்க் கதைகள் வந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் அந்த ஆண்டை மறக்க மாட்டேன்.

ஒன்று பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'காஸ் லைட்' நாடகம். புருஷன் ராத்திரியில் திருட்டுத்தனமாக மேல்மாடிக்குப் போய், புதைந்துகிடக்கும் நகைக்காக அலசுகிறான். அங்கே அவன் காஸ் விளக்கை ஏற்றும்போது கீழே மனைவி அறையில் வெளிச்சம் மங்குகிறது. விளக்கு மங்குதே என்று அவள் சொன்னால், உனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்கிறான். ஒருவர் கண்ணால் கண்டதை அவரே நம்பாதபடி செய்வதற்கு ஆங்கிலத்தில் 'காஸ்லைட்டிங்' என்று பேர் வந்தது இதிலிருந்துதான். 2022-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. எல்லாரும் அந்த மங்கும் விளக்கைத்தான் பேசுவார்கள். எனக்கு 1944-இல் வந்த திரைப்படத்தின் முடிவு இன்னும் முக்கியம். புருஷனை நாற்காலியில் கட்டிப்போட்டாயிற்று. கத்தியை எடுத்துக் கட்டை அறு என்று கெஞ்சுகிறான். அவள் கத்தியை எடுக்கிறாள். எடுத்து, நான்தான் பைத்தியமாயிற்றே, பைத்தியம் எப்படி உதவும் என்கிற தோரணையில் பேசத் தொடங்குகிறாள். அவன் கொடுத்த பட்டம், இப்போது அவள் கை ஆயுதம். இன்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்த நடிப்பு. பார்ப்பவர்களுக்குக் குளிரக் குளிர ஒரு திருப்தி வரும், வந்த அடுத்த நொடியே கொஞ்சம் கூச்சமும் வரும். கட்டிப்போட்ட ஆளை வதைப்பதை ரசிக்கிறோமே என்று.

இன்னொன்று டாஃப்னி டு மாரியேயின் 'ரெபெக்கா'. பணக்கார மனிதனுக்கு இரண்டாம் தாரமாக வந்த பெண் கதை சொல்கிறாள், அவளுடைய பேர் என்ன என்பதே நாவலில் கிடையாது. செத்துப்போன முதல் மனைவி ரெபெக்காவின் நிழலும், அவளைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மாளும் சேர்ந்து அவளைத் துரும்பாக்குகிறார்கள். பிறகு ஒரு நாள் புருஷன் உண்மையைச் சொல்கிறான்: ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றது நான்தான். கேட்டவளுக்கு என்ன தோன்ற வேண்டும்? அவளுக்குத் தோன்றுவது நிம்மதி. இவர் அவளை நேசிக்கவே இல்லை! அவ்வளவுதான் அவள் காதில் விழுகிறது. கொலை ரகசியம் தெரிந்த மறுநாள் அவளிடம் வரும் முதல் மாற்றம், மதியச் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றச் சொல்வது. இதுவரை வேலைக்காரியிடம்கூடப் பேசப் பயந்தவள். ரகசியம் கையில் வந்ததும் அதிகாரமும் வந்துவிட்டது, முதலில் அடுப்பங்கரையில் செலவாகிறது. அதைப் படித்தபோது, டு மாரியே அம்மாள் எந்த மாமியாரிடம் மாட்டியிருந்தாரோ என்று நினைத்தேன்.

1940-இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கினார். அமெரிக்கத் தணிக்கை விதிப்படி கொலைகாரன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து சாகிறாள், புருஷன் அதை மறைக்கிறான், அவ்வளவுதான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, நல்ல படம்தான். ஆனால் நாவலைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட உறுத்தல் படத்தில் கரைந்துவிட்டது. ஒரு கொலைகாரனோடு சேர்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள், ஒரு துரதிர்ஷ்டசாலிக்காகப் பரிதாபப்பட்டவர்களாக ஆகிவிட்டோம். அற மயக்கம் என்பது என்ன என்று யாராவது உங்களைக் கேட்டால், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினால் போதும்.

தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டு இல்லாத தமிழ்ப் படம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட 1943. ரேடியோ என்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரணை ஒவ்வொருவராகப் போய், சுட்டது மனைவி உஷா என்று முடிகிறது. காரணம், அவன் எதிரிக்கு உளவு சொன்னவன். பண்டரிபாய்தான் உஷா. தாலி கட்டியவனும் தேசமும் எதிரெதிர்த் தட்டில். எழுபது வருஷத்துக்கு மேலான படம் என்பதால் முடிவைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதில் ஒரு குறையும் எனக்குண்டு: அவள் துப்பாக்கிக்குத் தேசபக்தி என்ற பெரிய நியாயத்தைக் கொடுத்துவிட்டதால் மயக்கம் பாதி தெளிந்துவிடுகிறது. அவன் வெறும் துரோகியான புருஷனாக மட்டும் இருந்து, அவள் சுட்டிருந்தால்? 1954-இல் கேட்கக் கூடாத கேள்விதான்.

'சந்திரமுகி'யையும் யாராவது சொல்வார்கள் என்று தெரியும், சொன்னார்கள். 2005-இல் ஜோதிகா கண்ணை உருட்டியது இந்தத் தீவிலும் யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் கங்கா என்ன செய்கிறாள் என்பது கங்காவுக்கே தெரியாது. நோய் செய்கிறது, டாக்டர் தீர்க்கிறார், சாவி கடைசிவரை ரஜினி இடுப்பில். மனநோய் என்ற ஒரே சொல்லால் அவள் செயல்களுக்கான பொறுப்பு அவளிடமிருந்து கழன்றுவிடுகிறது, பொறுப்பு இல்லாத இடத்தில் அற மயக்கத்துக்கு இடம் இல்லை. முதலில் சொன்னேனே, பெண் நடுவில் நிற்பது வேறு, பெண் மையக் கதை வேறு என்று. அது இதுதான். படம் ஜாலியாக இருக்கும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

கதை சொல்பவளையே நம்ப முடியாமல் செய்வது இன்னொரு உத்தி. நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருத்துக்கு வெய்ன் பூத் என்ற அமெரிக்க விமரிசகர் 1961-இல் பேர் வைத்தார். 2012-இல் கில்லியன் ஃபிளின் எழுதிய 'கான் கேர்ள்' நாவலில், காணாமற்போன மனைவியின் நாட்குறிப்பை நாம் கண்ணீரோடு படித்துக்கொண்டிருப்போம். பாதியில் தெரியும், அது முழுக்க ஜோடிப்பு என்று. 'பாவம் பெண்' என்று உலகம் எதை நம்பத் தயாராக இருக்கிறதோ அதையே அவள் எழுதிவைத்திருக்கிறாள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். பொம்பளைப் பேச்சை நம்பாதே என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிற ஊரில், நம்பத்தகாத பெண் என்ற உத்தி கத்தி மாதிரி. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உண்மையான ஒருத்தியின் மீதும் அது கீறிவிடும். திறமையான எழுத்தாளர் அந்த அவநம்பிக்கையையே கதைப்பொருளாக்குவார்: இவளை நம்பாமல் போக நமக்கு இவ்வளவு சுலபமாக இருந்ததே, ஏன்? திறமை குறைந்தவர் அவநம்பிக்கையைச் சும்மா காசாக்குவார். கடைசிப் பத்து நிமிஷத்தில் 'அவள்தான் பேய், அவள்தான் கொலைகாரி' என்று திருப்பிப் போட்டால் அது மயக்கம் இல்லை, ஏமாற்று. திரும்பப் பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியும் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா? பொருந்தினால் மயக்கம். என் கதையில் 'மருந்து குடுக்கல' என்ற வசனத்தைத் திரும்பிப் போய்ப் படியுங்கள், சோதித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஒவ்வொரு வருஷமும் தீமிதிக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திரௌபதி அம்மன் கோவிலில் நிற்கிறோம். சபைக்கு இழுத்துவரப்பட்ட அந்தப் பெண் முதலில் எழுப்பியது சட்டக் கேள்வி: தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைத்தாரா, முன்னாலா? அடிமையாகிவிட்டவனுக்கு அடுத்தவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? பெரியவர்கள் நிறைந்த அந்தச் சபையில் பீஷ்மரால்கூட நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அறம் நுட்பமானது என்று நழுவினார். அதற்குப் பிறகு அவள் விரித்த கூந்தல் இருக்கிறதே, கூத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள், ரத்தம் பூசித்தான் முடிவேன் என்பது. அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று துடிக்கிற நாம்தான், குருக்ஷேத்திரத்தில் செத்துக்கிடக்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவளுடைய ஐந்து பிள்ளைகளும் அதில் உண்டு. அப்படிப்பட்டவளைக் கும்பிட்டுக்கொண்டே தீ மிதிக்கிற சனத்துக்கு அற மயக்கத்தை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பொருட்களை மட்டும் பாருங்கள். கண்ணாடி டம்ளர், போன், கதவு, மருந்து, கடிதம் எல்லாம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகின்றன என்று. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டு பேசுகிறார்கள் என்று. வசனம் பொய் சொல்லும், பொருள் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

என் கதைக்கு முடிவு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். ஒருவர் மகனைச் சைக்ளோனில் சாகடித்திருந்தார், வசதியாக. இன்னொருவர் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவதாக முடித்திருந்தார், அவருக்குப் போன வாரம்தான் பேத்தி பிறந்திருக்கிறது. கடைசியாகப் பேசியவர் எங்கள் குழுவில் மூத்தவர், எழுபது தாண்டியவர், வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவர். தாளை மடித்துக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன் மிஸ். கிழவிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும்."

யாருக்கும் உடனே புரியவில்லை. அவரே தொடர்ந்தார். கிழவி பத்து வயதில் ஒரு கிரான் பிளான், அதாவது பணக்கார வெள்ளைக்காரர், வீட்டில் வேலைக்கு நின்றவள். அந்த வீட்டுக் குழந்தைகள் பாடம் படிக்கும்போது தரை துடைத்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். எஜமானியம்மாவுக்குத் தெரிந்தால் அடி என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு புருஷனிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது. நொத்தேர் கவரை மகன் கொண்டுவந்து 'சும்மா ஒரு கைநாட்டு அம்மா' என்று கொடுத்த அன்றே படித்துவிட்டாள். அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது அவள்தான்.

"சாவி இடது பக்கம் போனது?" என்று கேட்டேன். தொண்டை கொஞ்சம் அடைத்தது.

"மருமக எடுக்கட்டும்னுதான் தலைமாட்டுல வச்சா. அதுவரைக்கும் இடுப்புலதான் இருக்கும். எடுத்துப் படிச்சிட்டு எங்கிட்ட சொல்றாளான்னு பாத்தா. ரெண்டு வாரம் பாத்தா. சைக்ளோன் அன்னிக்கும் சொல்லல. அப்பறம்தான் மகன்கிட்ட போன்ல அப்படிச் சொன்னா."

கொஞ்ச நேரம் வராங்கில் சத்தமே இல்லை. பிறகு மூலையிலிருந்து ஒருத்தி, "அப்ப மருமக ஏன் சொல்லலன்னு கிழவிக்குத் தெரியுமா?" என்று தமிழில் ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்திலேயே நான்கு பேர் கிரியோலில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் வனிலா டீ போட உள்ளே போனேன்.